இரண்டாவது வனஜா

அத்தை,

நாதஸ்வரத்தில் தொடங்கி, நடுவில் ஒரு சைக்கிள் மணி அடித்து, கடைசியில் பாத்திரம் உருளும் சத்தத்தோடு முடியுமே, அந்த இசை ஞாபகம் இருக்கிறதா? ஒரு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்துக் குழாயில் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு டிவியில் அது கேட்டது. ஈரக் கையோடு உள்ளே ஓடிவந்து நம் டிவியைப் போட்டேன். ரிமோட்டில் நீங்கள் சுற்றிவைத்த ரப்பர் பேண்ட் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நம் நாடகம்தான் அத்தை. ஏதோ ஒரு சேனலில் முதல் வாரத்திலிருந்து மறுபடியும் போடுகிறார்கள்.

நாடகத்து மாமனார் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். மாமியார் காய்கறிக்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் அவர்களேதான், தலைமுடி மட்டும் கறுப்பு. அப்போது மூத்த மருமகள் வனஜா காபித் தம்ளரோடு வந்தாள். உருண்டை முகம், கன்னத்தில் குழி, வரும்போதே சிரிப்பு. நான் பார்த்துப் பழகிய வனஜா இல்லை இவள். என்னை அறியாமல் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"யாரு இவ? நம்ம வீட்டுக்குள்ள வந்து நிக்கா!"

கேட்ட பிறகுதான் அது உங்கள் வாயிலிருந்து வந்த பேச்சு என்று உறைத்தது. திரும்பி உங்கள் சிவப்பு நாற்காலியைப் பார்த்தேன். துவைத்த துணிகளை இப்போது அதில்தான் போடுகிறேன். உங்கள் மடியில் போட்ட மாதிரி இருப்பதால் உடனே எடுத்து மடித்தும் விடுகிறேன். நீங்கள் இருந்தபோது என் துணி மடிப்பில் இவ்வளவு சுறுசுறுப்பைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது, எனக்கு முன்னால் மருமகளாக இருந்த சாந்தி அக்கா மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. உங்கள் மகனுக்குச் சோறு பொங்க ஆள் வேண்டும், எங்கள் வீட்டில் எனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. இடைசெவலில் இருந்து ஒரு பெட்டியோடு வந்தேன். தாலி கட்டுவதற்கு முன்னால் சாந்தி அக்கா படத்துக்கு முன் ஒரு சேலையை வைத்துக் கும்பிட்டு, அதை என்னிடம் கொடுத்தீர்கள். நல்ல பச்சை. "அவளுக்குப் பச்சதான் பிடிக்கும்" என்றீர்கள். எனக்கு எது பிடிக்கும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏட்டி" என்பீர்கள், "இந்தா" என்பீர்கள். அவசரத்தில் எப்போதாவது "சாந்தி" என்று வந்துவிடும். "என்னத்த?" என்று நானும் போய் நிற்பேன். பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். வேறு என்ன செய்ய?

வாரமெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் வேலை உங்களுக்கு. ஞாயிறு ஒரு நாள்தான் காலை நீட்டி உட்கார்வீர்கள், அதுவும் அந்த நாடகத்துக்காக. நீங்களும் சாந்தி அக்காவும் ஒரு வாரம் விடாமல் பார்த்தது என்று தெரு முழுக்கத் தெரியும். அவள் போன பிறகு நீங்கள் அதைப் பார்க்கவே இல்லையாம். நான் வந்து மூன்று மாதம் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன நினைத்தீர்களோ, டிவியைப் போட்டீர்கள். நான் தள்ளி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பார்த்துத்தானா அப்படி வர வேண்டும்? நாடகம் தொடங்கும் முன்னால் திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒன்றில் உருண்டை முகம், இன்னொன்றில் ஒட்டிய கன்னம். வனஜாவாக இவருக்குப் பதில் இனி இவர் என்று எழுத்து. கண்ணிமைக்கும் நேரம்தான், படம் போய்விட்டது. பிறகு ஒல்லியாக, நெட்டையாக ஒருத்தி காபித் தம்ளரோடு வந்து நின்றாள்.

"யாரு இவ? நம்ம வீட்டுக்குள்ள வந்து நிக்கா!" என்றீர்கள்.

சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தீர்கள். நான் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காம்பைக் கிள்ளுவதற்குப் பதில் இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்து டிவியை அணைத்தீர்கள். அன்று மத்தியானம் சாப்பிடும்போது, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று தேவையே இல்லாமல் இரண்டு தடவை சொன்னீர்கள்.

அதன்பிறகு சில ஞாயிறுகள் டிவி ஊமையாகக் கிடந்தது. உங்களுக்கு அது சங்கடம், எனக்கோ வேறு கவலை. அந்தப் புது வனஜா என்ன ஆனாள் என்று தெரிந்தாக வேண்டும். அந்த வீட்டில் அவளை வைத்துக்கொண்டார்களா, யாராவது அவளோடு முகம் கொடுத்துப் பேசினார்களா? அவளுக்கு ஒரு வழி பிறந்தால் எனக்கும் பிறக்கும் என்று ஒரு கிறுக்கு நினைப்பு. பாத்திரம் துலக்குகிற சாக்கில் பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். சைக்கிள் மணி மட்டும் நன்றாகக் கேட்கும்.

அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஒரு நாள் உள்ளேயிருந்து சத்தம் போட்டீர்கள்.

"ஏட்டி, சுவத்துக்கிட்ட என்ன கள்ளத்தனம்? வந்து டிவியப் போடு. வந்தவளும் என்னதான் செய்யுதான்னு பாப்போம்."

பார்த்தோம். உங்களுக்கு அவளிடம் எதுவும் பிடிக்கவில்லை. "தம்ளரப் பிடிக்கத் தெரியுதா பாரு" என்பீர்கள். "சிரிக்கதுக்குக் காசு கேப்பா போல" என்பீர்கள். ஒவ்வொன்றும் எனக்குத்தான் சுருக்கென்று தைக்கும். அந்த நாடகத்துப் புருஷனாவது, "யம்மா, நீ யாரு?" என்று கேட்டானா? ஒன்றுமே நடக்காத மாதிரி, "வனஜா, என் துண்டு எங்கே?" என்றான். கல்யாணத்துக்கு மறுநாள் உங்கள் மகனும் என்னிடம் அதையேதான் கேட்டார். ஆண்பிள்ளைகளுக்குத் துண்டு கிடைத்தால் போதும்.

பிறகு ஒரு வாரம், மாமனார் ஏதோ குத்திப் பேச, புது வனஜா பட்டென்று ஒரு பதில் கொடுத்தாள். மாமனார் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நீங்கள் குலுங்கிச் சிரித்தீர்கள். "பரவால்ல, இவளுக்கும் வாய் இருக்கு" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் இருக்கியே, ஊமக்கோட்டான் மாதிரி" என்றீர்கள். அன்றிலிருந்துதான் நான் இந்த வீட்டில் பேசத் தொடங்கினேன். பிறகு நிறுத்தவில்லை என்பது உங்கள் புகார்.

விளம்பரம் வரும்போதெல்லாம் நீங்கள் சாந்தி அக்காவைப் பற்றிச் சொல்வீர்கள். முதலில் எனக்கு நெஞ்சு காந்தும். பிறகு விளம்பரத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். பல்லியைக் கண்டால் அரிவாள்மனையோடு கட்டிலில் ஏறிவிடுவாளாம். கம்பஞ்சோற்றில் தயிர் விடாமல் பாலை விடுவாளாம். எல்லாவற்றிலும் உங்களுக்குப் பிடித்தது உப்புக் காபிக் கதை.

நாடகத்தில் இளைய மகனுக்குப் பெண் பார்த்து, பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பழைய வனஜா சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் காபி கொடுத்துவிடுகிறாள். மானம் போய்விடும் என்று மாமனார் கடைசிச் சொட்டு வரை குடித்து, "காபின்னா இதுதான் காபி" என்கிறார். அதைப் பார்த்து வந்தவரும் மரியாதைக்குக் குடிக்கிறார். கடைசியில் அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுகிறார். இதைப் பார்த்துச் சிரித்த சாந்தி அக்காவுக்கு டீ புரையேறிவிட்டதாம். நீங்கள் அவள் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்காவட்டி ஒன்ன" என்றீர்களாம். "எங்க அம்மையா இருக்கும்" என்றாளாம் அவள், இருமலுக்கு நடுவில். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் உங்கள் கை அந்தரத்தில் தட்டும், அங்கே ஒரு தலை இருப்பது போல.

பசுவந்தனையில் நடந்த கல்யாணத்தை நான் மறக்க மாட்டேன். பந்தியில் எனக்கு எதிரே உங்கள் சொந்தக்காரி ஒருத்தி. அப்பளத்தை நொறுக்கியபடி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்டாள்.

"மதினி, சாந்திக்குப் பதிலா வந்தவ இவதானா?"

கேட்டதில் தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள், நானே என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பிசைந்த சோற்றை இலையில் வைத்தீர்கள்.

"பதிலுக்கு ஆள் போட இது என்ன நாடகமா? சாந்திக்குப் பதிலா யாரும் வரல. அவ அவதான். இவ பேரு செண்பகம். இவ எனக்கு வந்தவ."

சொல்லிவிட்டு ரசத்துக்குக் குழி வெட்டப் போய்விட்டீர்கள். என் பெயரை உங்கள் வாயில் நான் கேட்டது அன்றுதான். அந்தப் பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாயசத்தைக்கூட அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். பஸ்ஸில் வரும்போது, "பாயசத்த ஏன் விட்ட? கொழுப்பு" என்று திட்டினீர்கள்.

அதற்குப் பல வருடம் கழித்து நாடகத்தில் மாமியாரையே மாற்றினார்கள். உங்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "மாமியார மாத்திட்டானுவளே! இவளுக்கு மருமவள ஏசவே தெரியலட்டி, தாலாட்டுப் பாடுத மாதிரி ஏசுதா" என்று அங்கலாய்த்தீர்கள். "ஒங்கள மாத்துனா எனக்கு ஒண்ணும் ஆட்சேபண இல்லத்த, நல்லாச் சமைக்கத் தெரிஞ்சவளாப் பாத்து எடுப்போம்" என்றேன். வெற்றிலைப் பாக்கை என்மேல் எறிந்தீர்கள்.

போன ஐப்பசியில் நீங்கள் போனீர்கள். நல்ல மழை. தூக்கிக்கொண்டு போனவர்கள் காலெல்லாம் கரிசல் மண் அப்பி, அடிக்கு ஒரு தரம் நின்று நின்று போனார்கள். போகிற போக்கிலும் நாலு பேரை வேலை வாங்கிவிட்டுத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். அழுதுகொண்டேதான் நினைத்தேன்.

இப்போது உங்கள் மகன் மில் கேட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. உங்கள் பேரன் ஓசூரில் இருக்கிறான், "அங்கன ஒத்தையில என்ன செய்யுத, இங்க வாம்மா" என்பான். அங்கே போனாலும் ஒற்றைதான், அதை அவனிடம் சொல்ல முடியுமா? எனக்கு இங்கே ரொம்பத் தனியாக இருக்கிறது அத்தை. சண்டை போடக்கூட ஆளில்லை. சாந்தி அக்காவைப் பற்றி வாய் திறந்து பேசவும் இந்த வீட்டில் இனி யாரும் இல்லை. உங்கள் மகன் அன்றும் பேசியதில்லை, இன்றும் பேசுவதில்லை. அவளைப் பார்த்தே இராத நான் ஒருத்திதான் அவளுடைய பல்லியையும் பாலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவள் படத்துக்குப் பூப் போடும்போது உங்கள் படத்துக்கும் போடுகிறேன். ஒரே முழம்தான், பாதிப் பாதி. சண்டை போடாதீர்கள்.

போன ஞாயிறு டீத் தம்ளரோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். பெண் வீட்டார் வந்து சோபாவில் உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உருண்டை முகத்து வனஜா அடுப்படியில் டப்பாவைத் திறந்தாள். "ஏட்டி, அது உப்பு" என்றேன். அவள் கேட்கவில்லை. மாமனார் குடித்தார். "காபின்னா இதுதான் காபி" என்றார். வந்தவரும் குடித்தார், அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவ்வளவுதான், காட்சி முடிந்துவிட்டது. அந்த மனிதர் கிணற்றடிக்கு ஓடவே இல்லை. எப்படி ஓடுவார்? அது அடுக்குமாடி வீடு, அங்கே கிணறு ஏது? இத்தனை வருடம் கதை கேட்ட எனக்கு அது தோன்றவே இல்லை. புரையேறி நம் வீட்டுக் கிணற்றடிக்கு ஓடியது சாந்தி அக்காவாகத்தான் இருக்கும். சொல்லிச் சொல்லி நீங்கள் அவளை நாடகத்துக்குள்ளேயே அனுப்பிவிட்டிருக்கிறீர்கள்.

அதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயில் டீ. மூக்கு வரை ஏறிவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்ட, இருமி இருமி, தலையைக் குனிந்துகொண்டு அப்படியே இருந்தேன். உங்கள் நாற்காலிப் பக்கம் தலையைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன், நீங்கள் தட்டுவீர்கள் என்கிற பழக்கம். கொஞ்ச நேரம் கழித்து நானே இடது கையைத் தூக்கி என் உச்சியில் தட்டிக்கொண்டேன்.

"யாரோ நெனைக்காவ" என்று சத்தமாகச் சொன்னேன்.

எங்கள் அம்மா போய் வெகுநாள் ஆயிற்று. ஓசூர்க்காரன் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பான். அதனால் அது நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டேன். பிறகு இன்னொரு தட்டும் தட்டிக்கொண்டேன். அது சாந்தி அக்கா.

உங்களுக்கு வந்தவள்,
செண்பகம்