சாவி கொடுக்கும் தேதி

சின்னமனூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் சுபாஸ்ரீக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் எர்ணாகுளத்தில் சுகமாக இருக்க வேண்டும். உன் முகவரியை மாப்பிள்ளையின் அக்கா ஜாய்ஸிடம், போடி கடைவீதியில் அவள் கடைக்கே போய் வாங்கினேன். உனக்கு ஏழாம் மாதம் என்பதையும் அவள்தான் சொன்னாள். கடையென்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். போனில் பேசினாலும் அதுதான் நடக்கும், அதனால் எழுதுகிறேன்.

இங்கே மழை பரவாயில்லை. அப்பாவுக்கு முட்டிவலி, மாடி ஏற முடியவில்லை. வீட்டைக் கொடுத்துவிட்டுக் கடமலைக்குண்டுத் தோட்டத்திலேயே சின்னதாக ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு. கம்பத்து சுந்தர்ராஜ் வாங்குகிறார்.

நேற்று வக்கீலிடம் அக்ரிமெண்ட் எழுத உட்கார்ந்தோம். சுந்தர்ராஜ் தன் நிபந்தனைகளைச் சொன்னார். வரி பாக்கி இருக்கக் கூடாது, மாடியில் ஒழுகுவதை நாங்களே சரிசெய்து தர வேண்டும், பத்திரம் முடிந்த அன்றே சாவி. அதைக் கேட்டதும் அப்பா பேனாவை மூடிவிட்டார். "எம்மகளுக்குத் தலைப்பிரசவம் இந்த வீட்லதான். பிள்ளையத் தூக்கிட்டு அவ கெளம்புன பெறகுதான் சாவி. அப்படியே எழுதுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து உன் பெயரையே எடுக்கவிடாத மனுசன். ஏழாம் மாதம் என்று நான் சொன்னபோதுகூடப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சுந்தர்ராஜ் தயங்கித் தயங்கி, "ஒங்க மக வராமப் போயிட்டா என்னண்ணே செய்ய?" என்று கேட்டார். அப்பா பேனாவைத் திறந்து வக்கீல் பக்கம் நகர்த்தினார். எனக்குக் கோபமாக வந்தது, சுந்தர்ராஜ் மேல் இல்லை, இவர் மேல். வக்கீலிடம் சொல்லத் தெரிகிறது, பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. சுந்தர்ராஜும் பெண்ணைப் பெற்றவர், ஒத்துக்கொண்டார்.

ஆனால் தேதி போடாத நிபந்தனை செல்லாது என்கிறார் வக்கீல். பிரசவம் ஆகி மூன்று மாதம் கழித்து என்று அப்பா சொன்னார். சரி, பிரசவம் எப்போது என்று வக்கீல் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டு வந்தோம்.

தாய் வேறு பிள்ளை வேறாக நீ நல்லபடியாகப் பிரிய சுருளி வேலப்பரை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். வருகிறேன் என்று நீ எழுத வேண்டாம். எங்களை மன்னிக்கவும் வேண்டாம். டாக்டர் சொன்ன தேதியை மட்டும் எழுதி அனுப்பு, தாயி.

இப்படிக்கு,
உன் அம்மா மகாலட்சுமி.