வாப்பாவின் மேற்கோள் கணக்கு

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே மழை. குடை ஆபீசில், நான் பஸ் ஸ்டாப்பில்.

துறைத் தலைவர் டான் கூப்பிட்டார். காண்ட்ராக்ட் புதுப்பிக்க வெள்ளிக்குள் என் மேற்கோள் கணக்கு வேண்டுமாம். அதாவது என் கட்டுரைகளை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள் என்று. நான் கணிதம். ஒரு கட்டுரை எழுத வருஷக்கணக்கு, அதை ஒருத்தன் படித்துப் புரிந்துகொள்ள இன்னும் வருஷக்கணக்கு. பக்கத்து அறை மெய் லிங் டெங்கி ஆராய்ச்சி. அவள் கட்டுரையில் ஆசிரியர் பெயர்கள் நம்ம கல்யாணப் பத்திரிகை மாதிரி, மாமா மச்சான் ஒருத்தரையும் விடுவதில்லை; மேற்கோளும் மொய் மாதிரி குவியும்.

டான் ஆறுதல்: "இந்தத் தடவை அந்தந்த ஆராய்ச்சித் துறையின் சராசரியோடுதான் ஒப்பிடுவோம். பயப்படாதே லா." சராசரிக்கும் கீழே இருந்தால்? கேட்கவில்லை.

வாங்க: பால். மனைவி நஸ்ரீனுக்குத் தலைவலி மாத்திரை. எனக்கும்.

ஜூலை 15, செவ்வாய்

மழை இல்லை. இணையத்தில் என் கணக்கைப் பார்த்தேன். சராசரிக்குக் கீழேதான். பாதிக் கட்டுரைகளைக் காணோம், என் நல்ல கட்டுரை உட்பட. தேடினால், காதர் என்று ஒரு கணித மேதையிடம் இருக்கின்றன.

காதர் என் வாப்பா. சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்தவர்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் 'அன்சாரி காதர்'. ஆரம்பக் கட்டுரைகளில் அப்படியே கொடுத்தேன். கடைசியில் இருப்பவர்தான் ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் நம்ம வழக்கப்படி 'கா. அன்சாரி'. கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். வாப்பாவின் கணக்கு என்னுடையதைவிட நல்லா இருக்கிறது.

நஸ்ரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். "பேசாம மாமாவுக்கே வேலையக் குடுக்கச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது போனால் டியூஷன் சென்டர்தான்.

ஜூலை 16, புதன்

இரண்டு பேரையும் நானே இணைக்கலாமாம். ஒரு பெயர்தான் நிற்கும். பிடோக்கில் வாப்பா வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நம்மளப் பத்தி வெள்ளக்காரன் எழுதிருக்கானா?"

"உங்களப் பத்தி இல்ல வாப்பா. என் கட்டுரையப் பத்தி."

"பேரு யாரு பேரு?"

போனை நீட்டினேன்.

"ஸ்கூல்ல நான் கணக்குல முட்டை லா." என் போனை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். டீ ஆறிப்போனது. அப்புறம், "எடுத்துடுவியா?"

"காண்ட்ராக்ட் வாப்பா."

"எடு, எடு. ஆனா வெள்ளிக்கிழமை ஜும்மா முடியட்டும். கூட்டாளிங்ககிட்ட காட்டணும். என் போனுக்கு அனுப்பிவை."

ஜூலை 18, வெள்ளி

மண்டையைப் பிளக்கும் வெயில். ஐந்து மணிக்குள் கணக்கு போகணும். தொழுகை எப்பவோ முடிந்திருக்கும், வாப்பாவிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. டான் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். கடிக்க நகம் மிச்சமில்லை.

நாலரைக்கு வந்தது. "காட்டிட்டேன். ஹாஜியார் நம்பல. கண்ணாடி போட்டுப் பாத்துட்டு கை குடுத்தாரு. இப்ப எடுத்துக்க."

குரல் இறங்கியிருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

இணைத்தேன். சராசரிக்கு மேலே! அல்ஹம்துலில்லாஹ். கீழே 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம், விருப்பமிருந்தால் நிரப்பலாம். 'காதர்' என்று போட்டு அனுப்பினேன்.

ஜூலை 28, திங்கள்

மறுபடி மழை. குடை இருந்தது. காண்ட்ராக்ட் வந்துவிட்டது. முதல் போன் பிடோக்குக்கு.

"காண்ட்ராக்ட் குடுத்துட்டாங்க வாப்பா!"

"யாருக்கு?" என்றார்.