முதல் வேண்டாம்

யூட்ரெக்ட், ஹாலந்து
24 அக்டோபர் 1993

அன்புள்ள தம்பி டுவேனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் பொட்டுத் தூக்கமில்லை. கால் வீங்கி இரண்டு நாள் செருப்பே நுழையவில்லை. இப்போது தேவலாம்.

பதினொரு வருஷம் கழித்து அங்கே நம் சொந்த ஊருக்கு வந்தவள், பாதி நேரம் வெளியூர்க்காரி மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். கடையில் கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவை ஒரு தெரு நீளத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். எதை எடுப்பதென்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினேன். கல்லாவில் இருந்த பெண் எப்படி இருக்கீங்க என்று கேட்டாள். நானும் நிஜமாகத்தான் கேட்கிறாள் என்று என் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பாவம், அவளுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. நீ பின்னால் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லாம் கவனித்தேன்.

பக்கத்து வீட்டு வெர்னா கேக் நீட்டியபோதும் அதே கதைதான். சட்டென்று தட்டை வாங்கிக்கொண்டேன். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை "சரி, ஒரு சின்னத் துண்டு" என்பதுதானே நம் ஊர் வழக்கம். அந்தம்மா வற்புறுத்த வழியில்லாமல் திகைத்துப் போனாள். எனக்கு இந்த நாடகமெல்லாம் விட்டுப்போச்சு தம்பி. இங்கே ஹாலந்தில் ஒரு தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் பிஸ்கட் டப்பாவை மூடி வைத்துவிடுவார்கள். மனசில் இருப்பதைச் சொல்கிற ஜனங்கள்.

உன் இடுப்பு ஆப்பரேஷன் முடியும்வரை இருக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்க்கா, பாத்துக்கலாம்" என்றாய். கேரல் போய் நீ தனிக்கட்டையானபிறகு எல்லாவற்றையும் ஒண்டியாகச் சமாளித்துப் பழகியவன் நீ. அதனால் நிம்மதியாகக் கிளம்பினேன். தேதி குறித்ததும் எழுது.

உன் அக்கா
மார்லிஸ்


ஸ்டோர்லி, மின்னசோட்டா
12 டிசம்பர் 1993

அக்காவுக்கு,

உன் கடுதாசி அப்பவே கெடச்சுது, பதில் போடத்தான் லேட்டாயிடுச்சு. ஆப்பரேஷன் போன மாசம் பதினெட்டாம் தேதி முடிஞ்சுது. ஒண்ணும் குறையில்ல. ஆறு வாரம் குனியக்கூடாதாம், அவ்வளவுதான்.

இங்க பனி முட்டி வரைக்கும் கெடக்கு. ஏரி உறைஞ்சாச்சு, மீன் பிடிக்கிறவங்க இப்பவே மரக்குடிசைய இழுத்துட்டுப் போயி ஐஸ்மேல வெச்சு உள்ள உக்காந்துட்டாங்க. சர்ச்சுக்காரங்க உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்டது தட்டுத் தட்டாக் கொண்டாந்து வெக்கிறாங்க. யார் வீட்டுது எதுன்னு ருசி பாத்துக் கண்டுபிடிக்க முடியல, எல்லாரும் ஒரே டின் சூப்பத்தான் ஊத்துறாங்க போல.

கடையில நீ சொன்ன முழங்கால் விஷயம் ஊர் பூராப் பரவிடுச்சு. அந்தப் பொண்ணு என்னைப் பாக்கும்போதெல்லாம் உன் காலை விசாரிக்குது. நெசமாவே விசாரிக்குது.

நீ ஒண்ணும் கவலைப்படாத.

டுவேன்


யூட்ரெக்ட்
3 ஜனவரி 1994

டுவேன்,

வெர்னாவின் கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. என்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, சேதி சொல்லத்தான் எழுதியிருக்கிறாள்.

அறுபது மைல் பனியில் நீயே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாயாம். வீட்டுக்கு வந்தபிறகு குனிந்து காலுறை மாட்ட முடியவில்லை. யாரிடமும் கேட்க வெட்கம். வெறுங்காலைப் பூட்ஸில் நுழைத்துக்கொண்டு தினமும் ரோட்டோரத் தபால்பெட்டிவரை நடந்தாயாம். இரண்டு விரல் நீலம் பாரித்த பிறகுதான் வெர்னாவுக்குத் தெரிந்ததாம். இப்போது காலையில் அவள்தான் வந்து மாட்டிவிடுகிறாள். "நான் மாட்டி முடிக்கிறவரைக்கும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிறார்" என்று எழுதியிருக்கிறாள்.

தபால்பெட்டிக்கு எதற்கடா நடந்தாய்? நான் அந்த மாசம் ஒரு வரிகூட எழுதவில்லை.

இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்ததில் நம் ஊர்ப் பேச்சு மறந்துவிட்டது, நீ வேண்டாம் என்றதை அப்படியே எடுத்துக்கொண்டேன் என்று எழுதலாம். நீயும் நம்புகிற மாதிரி காட்டிக்கொள்வாய். பொய். அன்றைக்கு சமையலறையில் நீ வேண்டாங்க்கா என்றதும் நான் மனசுக்குள் "ஒண்ணு" என்று எண்ணினேன். நீ துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாய். நான் இன்னொரு தடவை கேட்பேன் என்று காத்திருந்தாய். தெரிந்தேதான் கேட்காமல் விட்டேன். இரண்டாவது தடவை கேட்டால் மூன்றாவதும் கேட்கவேண்டி வரும். நீ சரி என்றுவிடுவாய். குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் நான் அடைந்து கிடக்கவேண்டி வரும். அதனால் நாளைக்கு மழை வருமா என்று பேச்சை மாற்றினேன். இங்கே திரும்பி வந்ததும் உங்களையெல்லாம் கேலி பண்ணி ஒரு கடிதம் வேறு. அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

டிக்கெட் விசாரித்துவிட்டேன். இந்த மாசக் கடைசியில் வரமுடியும். வரட்டுமா? என் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுது. சரிதான் என்று ஏற்றுக்கொள்கிறேன்.

மார்லிஸ்


ஸ்டோர்லி
14 ஜனவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் ரெண்டும் பத்திரமா இருக்கு. ஒண்ணுல நகம் மட்டும் போச்சு. ஆஸ்பத்திரில நீளக் கைப்பிடி வெச்ச ஒரு சாமான் குடுத்திருக்காங்க, காலுறைய இப்ப நானே மாட்டிக்கிறேன்.

நீ எண்ணினது எனக்கும் தெரியும். மனசுக்குள்ள எண்ணுறப்ப உனக்கு உதடு அசையும், சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ரெண்டு வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. கோவம் வந்துச்சு, இல்லன்னு சொல்லமாட்டேன். நானும் ஒரு வார்த்தை, இருந்துட்டுப் போக்கான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல.

வா. எத்தன நாள் முடியுமோ அத்தன நாள் இரு.

ஒரே ஒரு விஷயம். உங்க அக்கா ஏன் இருக்கலன்னு வெர்னாவும் கேட்டா, சர்ச்சுலயும் எல்லாரும் கேட்டாங்க. அக்கா மூணு தடவை கேட்டா, மூணு தடவையும் நாந்தான் வேண்டாம்னுட்டேன்னு சொல்லிவெச்சிருக்கேன். இப்படியும் ஒரு பிடிவாதமான்னு தினமும் என்னைத் திட்டிக்கிட்டேதான் வெர்னா காலுறை மாட்டிவிட்டா. நீ வந்து மாத்திச் சொல்லிடாத.

உன் தம்பி
டுவேன்