சாமை மூட்டைக்கு நாய்க்கடி மருந்து

14, வியாழன்

காலையிலிருந்து தூறல். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. ஆஸ்பத்திரி காப்பீட்டு மேசைப் பிரிண்டருக்கு மை வாங்கணும்.

பதினொரு மணிக்கு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி. சடையன், மல்லிகா. திங்கட்கிழமை ஒரே நாய் இருவரையும் கடித்திருக்கிறது. அவருக்குக் கெண்டைக்காலில். நாயைப் பிடித்து இழுத்த இவளுக்கு வலது உள்ளங்கையில். நாய் மறுநாள் செத்துப்போனது. படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு: 'விலங்கின் தற்போதைய நிலை'.

அன்றைக்கே மலையில் தடுப்பூசி போட்டாயிற்று. போடாதது இம்யூனோகுளோபுலின், அதாவது தயார்நிலை எதிர்ப்புச் சக்தி. கேட்ட இடத்தில் இருப்பு இல்லையாம். தடுப்பூசி உடம்புக்குப் பாடம் நடத்தும், பாஸாக நாளாகும். இது இன்னொருவர் எழுதிய விடைத்தாளைக் காயத்துக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுப்பது. முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள். அதாவது வரும் திங்கள்.

சடையன் பெயர் காப்பீட்டு அட்டையில் இருக்கிறது. மல்லிகா பெயர் இன்னும் அவள் அப்பாவின் அட்டையில். கல்யாணமாகி நாலு வருஷம். அப்பா மிளகு பறிக்கக் கேரளா போயிருக்கிறார், அட்டையோடு.

விலைக்கு வாங்க அவர்களிடம் இருப்பது ஒரு மூட்டை சாமை. கீழே வையுங்கள் என்றேன் சடையனிடம்.

"சாப்புட்ற சாமானுங்க சார். செருப்பு நடக்கற எடத்துல வெக்க மாட்டோம்."

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. காப்பீட்டுக் கம்பெனிக்கு எடை மெஷினில் நிற்கும் படமும் வேண்டும். சிஸ்டர் சகாயம், "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க." கழற்றினார், ஏறினார். நான் படம் எடுத்தேன். 71 கிலோ. ஐந்து குப்பி. விண்ணப்பம் போனது.

15, வெள்ளி

அனுமதி வரவில்லை. போனில் கம்பெனியின் சென்னைக் குரல்: "நோயாளி படுத்திருக்காரா?" உட்கார்ந்திருந்தால் புறநோயாளி, பணம் கிடையாது. சடையனைப் படுக்கச் சொன்னேன். "தூக்கம் வர்லியே சார்." தூங்க வேண்டாம், படுத்தால் போதும். மூன்றரைக்கு அனுமதி.

மல்லிகா ஐந்து மணி பஸ்ஸில் மலைக்குக் கிளம்பிவிட்டாள். ஆட்டுக்குட்டிகள் தனியாக. போகுமுன் கேட்டாள்:

"எனக்கு எப்ப சார் அந்த ஊசி?"

டாக்டரிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். ஆறு வருஷம் இங்கே வேலை பார்க்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு எதையும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு: பச்சரிசி, கொசுவத்தி. மறந்தேன்.

16, சனி

சேலத்திலிருந்து பஸ்ஸில் ஐஸ் பெட்டி வந்தது. ஐந்து குப்பி. போடுமுன் சிஸ்டர் மறுபடி எடை பார்த்தார். 45.

"இன்னாய்யா, ரெண்டு நாள்ல இருவத்தாறு கிலோ எளச்சிட்ட?"

"மூட்ட அங்க இருக்குதே சிஸ்டர்." என் மேசையைக் காட்டினார்.

வியாழக்கிழமைப் படத்தைத் திறந்தேன். எண் தெளிவு. முகம் தெளிவு. தலையில் மூட்டை, அதுவும் தெளிவு. கீழே செருப்பு நடக்கிறது. எனவே அவர் மூட்டையோடு ஏறியிருக்கிறார். செருப்பைத்தானே கழற்றச் சொன்னோம். தலைச்சுமை இந்த ஊரில் கண்ணில் படாது. நான் பார்த்தது எண்ணை மட்டும். அனுமதி தந்தவரும் அப்படித்தான். இருபத்தாறு கிலோ சாமைக்கு வெறிநோய் எதிர்ப்புச் சக்தி வழங்கியாயிற்று.

சடையனுக்கு மூன்று குப்பி, காயத்தைச் சுற்றி. பல்லைக் கடித்துக்கொண்டார். மீதி இரண்டு.

டாக்டர்: "அஞ்சும் அவனுக்கே போட்டதா எழுதிடுங்க. ரெண்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும்."

"அந்த அம்மாவுக்குப் போடலாமே சார். ரெண்டு பத்துமா?"

"உள்ளங்கைதானே, காயத்துக்குள்ள போடப் போதும். பார்க்கலாம்."

வெள்ளிமலை ஜீப் டிரைவர் மணிக்குப் போன் போட்டேன். மல்லிகாவை எப்படியாவது இறக்கச் சொன்னேன். "மழ சார். செக்போஸ்டுக்கு மேல ஒண்ணும் தெரில."

17, ஞாயிறு

விடுமுறை. ஆனாலும் வந்தேன். சடையன் பெஞ்சில், பெண்டாட்டிக்காகக் காத்துக்கினு. மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கிறது. பஸ் இல்லை.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு கரும்புக்காரர் டாக்டருக்குப் போன். சொந்த வளர்ப்பு நாய் நகத்தால் கீறியதாம். நாய் நன்றாக இருக்கிறது, பிஸ்கட் தின்கிறது. காசு பிரச்சினை இல்லை. ரெண்டு குப்பி கிடைக்குமா? திங்கள் மாலை வரச் சொல்லியாகிவிட்டது.

ஃப்ரிட்ஜை நாலு தடவை திறந்து பார்த்தேன். இரண்டும் இருந்தன.

பச்சரிசி இன்றும் மறந்தேன். ரசம் மட்டும்.

18, திங்கள்

ஏழாம் நாள். வெயில்.

9.00. மணியின் போன் எடுக்கவில்லை.

10.10. கம்பெனியிலிருந்து கேள்வி: 'படத்தில் நோயாளியின் தலையில் உள்ள பொருள் என்ன? 24 மணி நேரத்தில் விளக்கவும்.'

டாக்டரிடம் காட்டினேன். முதல் முறையாக என்னை உட்காரச் சொன்னார்.

"என்ன எழுதுவீங்க?"

"இருந்ததை, சார். மூட்டைன்னு எழுதினா, மிச்ச மருந்து எங்கேன்னு கேப்பாங்க. அதே நாய் கடிச்ச பொண்டாட்டிக்குப் போட்டோம்னா திட்டிட்டு விடலாம். கரும்புக்காரருக்கு வித்தோம்னா..."

டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அவ எப்ப வருவா?"

"மரம் விழுந்திருக்கு சார்."

"மரத்த வெட்டச் சொல்லுங்கய்யா!"

1.30. மணி பேசினான். மரத்துக்கு இந்தப் பக்கம் ஜீப், அந்தப் பக்கம் அவள். "தாண்டி வந்துகினு இருக்குது சார். கைல கட்டோட."

3.00. கரும்புக்காரர் வந்துவிட்டார், சட்டையில் அத்தர். டாக்டர் அவரிடம் "மருந்து தீந்துபோச்சுங்க" என்றார். பொய்தான். என் காதுக்கு நன்றாக இருந்தது.

3.50. மல்லிகா. முழங்கால்வரை சேறு. "ஆட்டுக்குட்டிங்கள பக்கத்து வூட்ல உட்டுட்டு வந்தேன், அதான் லேட்டு." மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

4.15. இரண்டு குப்பியும் உள்ளங்கைக்குள். சிஸ்டர் பிடித்துக்கொண்டார். அவள் கத்தவில்லை. சடையன் கத்தினார்.

4.40. பதில் அனுப்பினேன்: 'தலையில் இருப்பது சாமை, 26 கிலோ. நோயாளியின் எடையோடு சேர்ந்தது என் கவனக்குறைவு. அவருக்கு மூன்று குப்பி. மீதி இரண்டு, அதே நாய் கடித்த அவர் மனைவிக்கு. அவர் பெயர் அட்டையில் இல்லை. அந்த இரண்டின் விலையை ஆஸ்பத்திரி என் சம்பளத்தில் பிடிக்கலாம்.'

4.52. மறு கேள்வி: 'மூட்டையின் எடைக்குப் புகைப்படச் சான்று இணைக்கவும்.'

சடையன் துண்டால் எடை மெஷினை இரண்டு தடவை துடைத்தார். பிறகுதான் மூட்டையை இறக்கினார். அது நிற்காமல் சாய்ந்தது. 26 என்று வருகிறவரை, மல்லிகா கட்டுப் போட்ட கையின் ஒரு விரலால் தாங்கிக்கொண்டாள். படத்தில் விரலும் விழுந்திருக்கிறது. அப்படியே அனுப்பிவிட்டேன்.