பால் வராத கள்ளி

14.3.85, வியாழன், ஷார்ஜா

தூக்கமே வரவில்லை. இன்று ஒரு குண்டூசியை வைத்துக்கொண்டு ஜெயித்துவிட்டேன்!

நேற்றைய மணற்காற்றில் நர்சரித் தொட்டிகளின் லேபிள்கள் எல்லாம் பறந்துவிட்டன. அரிசோனாக்கார இன்ஜினியர் ஒருவர் தன் ஊர்ப் பாலைவனக் கள்ளியை வாங்க இன்று வருவதாக இருந்தது. அந்தக் கள்ளியும் ஆப்பிரிக்கக் கள்ளிகளும் ஒரே மாதிரி, வரிவரியாய், முள்ளோடு நிற்கின்றன.

"கள்ளின்னா கள்ளிதானே தம்பி? ஒண்ண எடுத்துக் கொடுங்க, கலாஸ், வேலை முடிஞ்சுது" என்றார் ஃபோர்மன் கனி பாய். கீழக்கரைக்காரர்.

"பொறுங்கோ பாய். அரிசோனாக் கள்ளியில பால் வராது. போன மாசம் வேறொண்டின்ர முனை முறிஞ்சபோது பாத்தனான்."

"பால் வராத கள்ளியா? உங்க யாழ்ப்பாணத்துல வேணா இருக்கும்!"

ஒவ்வொன்றாய்க் குத்தினேன். பால், பால், பால். பதினோராவதில் வெறும் தண்ணீர்! கத்தியே விட்டேன்.

இன்ஜினியர் அதன் முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் உயரம்தான், ஆனால் இருபத்தைந்து வயதாவது இருக்கும் என்றார். என் வயது! அவர் ஊர்ப் பாறைமண்ணில் மாடி வீட்டை விட உயரமாய் வளருமாம். முதல் கிளை விடவே ஐம்பது, அறுபது வருடமாகுமாம்.

நாலு தரம் சோப்புப் போட்டாயிற்று. பால் பட்ட கையால் கண்ணைக் கசக்க இன்னும் பயம். "லைட்ட அணைங்க தம்பி" என்கிறார் பக்கத்துக் கட்டிலில் கனி பாய்.

இங்கேயும் கிளை விடுமா என்று இன்ஜினியரைக் கேட்டேன். "இருந்து பார்" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் விசா இரண்டு வருடம்.