பட்ட கிளையில் ஓர் இலை

ஃபெராரா,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

மாந்துவாவில் வாழும் மதிப்பிற்குரிய ஓர்சோலினா அம்மையாருக்கு, ஓய்வுபெற்ற இலத்தீன் ஆசிரியன் கலாசோ பணிவுடன் எழுதுவது. இக்கடிதம் உங்களை நல்ல உடல்நலத்துடனும், முடிந்தால் நல்ல மனநிலையிலும் காணட்டும்.

நீங்கள் அனுப்பிய சீமைமாதுளைப் பாகு வந்து சேர்ந்தது. நாளுக்கு ஒரு கரண்டி என்று வகுத்து வைத்தேன்; என் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஃபியோரா அந்த ஏற்பாட்டை மதிக்கவில்லை. இங்கே ஒரே மூடுபனி. முழங்கால் வலி பரவாயில்லை.

இனி விஷயத்துக்கு வர வேண்டும். இந்த இடத்தில் இறகுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல்வரை போய்வந்தேன்.

என் மனைவி கத்தரீனா இறந்த ஆண்டில் ஒரு வெண்கலப் பதக்கம் வார்க்கச் செய்தேன். ஒரு பக்கம் என் முகம். மறுபக்கம் பட்ட கிளையில் ஒரு காட்டுப்புறா. இணையை இழந்த காட்டுப்புறா வேறு துணை தேடாது, பச்சைக் கிளையில் அமராது, தண்ணீரைக்கூடக் கலக்கிவிட்டே குடிக்கும் என்று பெரியோர் எழுதியதை நம்பிச் செய்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். கணவருக்கான துக்க உடையைக் களைந்து, சென்ற வசந்தத்தில் புனித ஜார்ஜ் திருவிழாவுக்கு வந்த உங்களுக்கும் ஒன்று கொடுத்து, இந்த விளக்கம் முழுவதையும் சொன்னேன். நீங்கள் அதைத் திருப்பிப் பார்த்து, "பாவம், கலங்கின தண்ணியக் குடிச்சா அதுக்கு வயித்த வலிக்காதா?" என்று கேட்டீர்கள்.

நான் சிரித்தேன். கத்தரீனா போன பிறகு அப்படிச் சிரித்ததில்லை. நீங்கள் ஊர் திரும்பிய பிறகுதான், இனி யாரும் வேண்டாம் என்று வெண்கலத்தில் வார்த்து உங்கள் கையிலேயே கொடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

பதக்கம் வார்த்த சிற்பி ஜானினோவிடம் போய், வேறு பிராணி வேண்டும் என்றேன். காரணம் சொல்லவில்லை; ஆனாலும் பட்டறையே சிரித்தது. தன் மார்பைக் கிழித்துக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் கூழைக்கடாவைப் போடலாமா என்று கேட்டார். அது நம் ஆண்டவருக்குரிய அடையாளம், கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயங்கும் எனக்கு அடுக்காது என்றேன். பீனிக்ஸ் பறவையைக் கேட்டதற்கு, "சாம்பல்லேர்ந்து எழும்பணும்னா மொதல்ல நல்லா எரியணும், வாத்தியாரே. நீங்க புகையத்தான செய்றீங்க" என்றார். நீரோடையைத் தேடும் மான் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வேதாகமத்தின் சங்கீதப் பாடலில் அது கடவுளுக்காக ஏங்கும் ஆன்மா. என் ஏக்கம் மாந்துவாவரைதான் போகிறது. அதை அந்த மானின் முதுகில் ஏற்ற அஞ்சினேன்.

கத்தரீனாவுக்கு இது துரோகமோ என்ற கவலையுடன் வீடு திரும்பினேன். ஃபியோரா சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "அம்மா இருந்திருந்தா அந்தக் காஞ்ச கிளைய எப்பவோ அடுப்புல வெச்சிருப்பாங்க, ஐயா." யோசித்துப் பார்த்தால், அதுதான் கத்தரீனா.

மறுநாள் ஜானினோ பழைய பதக்கத்தை மெழுகில் பதித்தெடுத்து, கிளை நுனியில் ஓர் ஒலிவ இலையைச் சேர்த்தார். வெள்ளம் வடிந்ததென்று நோவாவின் பேழைக்குப் புறா கொண்டுவந்த இலை. காட்டுப்புறாவின் கழுத்துக் கோடுகள் நோவாவின் புறாவுக்குப் பொருந்தாதே என்று தயங்கினேன். "கழுத்த யாரு பாக்கப் போறா? அந்தம்மா இலையத்தான் பாப்பாங்க" என்றார். இருந்தாலும் கோடுகளை மழுக்கச் சொன்னேன்.

முகப்பக்கத்தில், இப்போது தொங்கும் தாடைச் சதையையும் சேர்க்கச் செய்திருக்கிறேன். நீங்கள் ஏமாறக் கூடாது. மறுபடி வார்க்கும்போது வெண்கலம் சற்றுச் சுருங்குமாம். அதனால் மூக்கு கொஞ்சம் சிறுத்திருக்கிறது. அது என் வேண்டுகோள் அல்ல.

அந்தப் பதக்கம் இத்துடன் வருகிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியாது. ஒன்றையொன்று மறுத்துப் பேசும். ஒன்றைத் திருப்பி அனுப்புங்கள். இலையுள்ளது திரும்பினால் நான் எதுவும் கேட்க மாட்டேன். பாகைப் பற்றியும் படித்ததைப் பற்றியும் எப்போதும்போல் எழுதிக்கொள்வோம். பட்ட கிளை திரும்பினால், அதை உருக்க ஜானினோ உலையோடு காத்திருக்கிறார்.

இறைவன் உங்கள் வீட்டையும் உங்கள் சிரிப்பையும் காக்கட்டும். இதைக் கொண்டுவரும் படகோட்டி உங்கள் கரையில் சரக்கு ஏற்றும்வரை இருப்பார். எதை அனுப்பினாலும் துணியில் சுற்றி அனுப்புங்கள். முடிச்சை மட்டும் தளர்வாகப் போடுங்கள். கத்தரிக்கோல் தேடும் பொறுமை எனக்கு இருக்காது.

உங்கள் பணிவான,
கலாசோ