வெள்ளைச்சி பிடித்த காது

செவ்வாய்க்கிழமை, இரவு

எத்தனை தரம் கழுவியும் கையில் மண் மணம் போகவில்லை. காலையில்தான் கச்சான் கடலைத் தோட்டத்து மூலையில் என் நாய் வெள்ளைச்சியைப் புதைத்தேன். நேற்றிரவு வேட்டையில் பன்றியின் காதைக் கவ்வியவள் அவள். வயிறு கிழிந்த பிறகும், என் தங்கையின் புருஷன் ராசன் ஈட்டியை இறக்கும்வரை விடவில்லை. அவனுடைய நாய் டைகர் என் காலுக்குப் பின்னால் நின்று நடுங்கியது. லைட் பிடித்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

இன்று பின்னேரம் இறைச்சியைப் பங்கு போட்ட வாடிக் கொட்டிலில் ராசன் கதை சொன்னான். பன்றியைப் பிடித்தது டைகராம்.

"வெள்ளைச்சி பயந்து ஓடேக்கதான் குத்து வாங்கினது. என்ன மச்சான், நீ பாத்தனிதானே?"

கட்டைபறிச்சான் ஊரிலிருந்து பங்குக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பன்றியைப் பிடித்த நாய்க்குத்தான் ஈரல் போடுவது எங்கள் வழக்கம். அதை அவன் என் கண் முன்னாலேயே டைகருக்குப் போட்டான். அது மோந்துகூடப் பார்க்காமல் விழுங்கியது.

"ஓம், பாத்தனான்," என்றேன்.

நான் வீட்டுக்கு வெளிக்கிடும்போது ராசன் என் தோளில் கை போட்டான். "நாளைக்கும் வா மச்சான். பெரிய ஆண் பண்டி ஒண்டு திரியுது. உன்னை மாதிரி லைட் பிடிக்க ஒருத்தராலயும் ஏலாது."

வருகிறேன் என்றேன். லைட் இப்போது சார்ஜில் கிடக்கிறது. பன்றி அவனுக்கு நேரே திரும்பும்போது அதை நூர்த்து இருட்டாக்கிவிடுவேன். டைகர் இருக்கிறதுதானே, காதைப் பிடிக்கட்டும்.